குறுமரத்துக்கு இளங்கன்று தேர்தல்

(மனைத்தோட்டப் பயிற்சி வகுப்பில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



நெல்லையும் வெங்காயத்தையும் பற்றிப் பேசும் இடத்திலே, சாடியில் வளரும் சிறு மரத்தைப் பற்றிப் பேசுவது உங்களுட் சிலருக்கு வியப்பைத் தரலாம். எனினும், மதிலிலும் கிணற்றுக் கட்டிலும் முளைத்து நிற்கும் ஆலங்கன்றை என்ன செய்வது என்னும் கேள்வி நாம் செல்லும் ஊர்களிலெல்லாம் எழுகின்றது. வெட்டினால் மீண்டும் தளிர்க்கின்றது. விட்டால் கட்டைப் பிளக்கின்றது. அரசங்கன்றாயின் அதன்மேற் கத்தி வைக்கவே பலருக்கு மனம் கூசுகின்றது. அத்தகைய கன்றை உயிரோடு பெயர்த்து, ஒரு சாடிக்குள் அடங்கும் அழகிய குறுமரமாக வளர்த்தல் கூடும். அதற்கு எந்தக் கன்றை எடுப்பது, எதனை விடுவது என்பதே இன்று யான் எடுத்துக்கொண்ட விடயமாகும்.

குறுமர வளர்ப்பிற் பாதி வேலை கன்றைத் தெரிவு செய்யும்போதே முடிந்துவிடுகின்றது. தவறான கன்றை எடுத்தவர் ஐந்து ஆண்டுகள் நீரூற்றிய பின்னரும் ஒரு குச்சியையே காண்பார். நல்ல கன்றை எடுத்தவர் அதே ஐந்து ஆண்டில் ஒரு மரத்தைக் காண்பார். இரண்டுக்கும் செலவிட்ட நீரும் எருவும் உழைப்பும் ஒன்றே. ஆதலின் தெரிவைப் பற்றியே விரிவாகக் கூறுவேன்.

குறுமரம் என்பது யாது?

பொன்சாய் என்னும் யப்பானியச் சொல், தட்டத்தில் நட்டது என்று பொருள்படும். இக்கலை சீனாவிலே தோன்றி யப்பானுக்குச் சென்றது. யப்பானில் 1309ஆம் ஆண்டளவில் வரையப்பட்ட ஓவியச் சுருளொன்றிலே தட்டங்களில் வளர்த்த சிறு மரங்கள் காணப்படுகின்றன. 1923ஆம் ஆண்டின் பெரும் பூமியதிர்ச்சிக்குப் பின்னர், தோக்கியோ நகரத்து நாற்றுத் தோட்டக்காரர் சிலர் நல்ல நீரும் காற்றும் நாடி ஓமியா என்னும் இடத்திற் குடியேறி, 1925ஆம் ஆண்டில் இதற்கெனவே ஓர் ஊரை அமைத்தனர். மலையிலே தானாக முளைத்து, காற்றாலும் பனியாலும் குறுகிய மரங்களைப் பெயர்த்து வளர்ப்பதை அவர்கள் யமதோரி என்பர்.

நம்மிடம் பனிமலை இல்லை. ஆயின் அம்மலை செய்யும் வேலையை நம் நாட்டிலே மதிலும் கிணறும் ஆடும் செய்கின்றன. மதில் வெடிப்பிலே மண்ணின்றி வளர்ந்த இத்தி குறுகி, கணுக்கள் நெருங்கி, அடி பருத்து நிற்கும். ஆடு மீண்டும் மீண்டும் கடித்த புளியங்கன்றும் அவ்வாறே. இயற்கை தொடங்கிய வேலையை நாம் தொடர்கின்றோம், அவ்வளவே. இன்று நாம் பேசுவது 8 அங்குல உயரத்துக்கு மேற்படாத சிறு குறுமரங்களைப் பற்றியாகும்.

ஏன் இளங்கன்று வேண்டும்?

பெரிய மரத்தை எடுத்து வெட்டிச் சிறிதாக்கலாமே எனச் சிலர் எண்ணுவர். அது மூன்று காரணங்களாற் பொருந்தாது. முதலாவதாக, முதிர்ந்த மரத்தின் நீரை உறிஞ்சும் நுண்வேர்கள் தண்டிலிருந்து நெடுந்தூரத்தில் உள்ளன. தோண்டும்போது அவை அறுந்து போக, மரம் பெரும்பாலும் பட்டுப்போகும். இரண்டாவதாக, பருத்த தண்டை வெட்டிய காயம் 8 அங்குல மரத்திலே மறையாது; பார்ப்பவர் கண்ணில் அதுவே முதலிற் படும். மூன்றாவதாக, முதிர்ந்த தண்டு வளையாது. பென்சில் அளவு பருமனுள்ள கிளையைக் கம்பி சுற்றி விரும்பியவாறு வளைக்கலாம். கைத்தடி அளவு கிளையை வளைக்க முயன்றால் முறியும்.

சிறு விரற் பருமன் முதல் பெருவிரற் பருமன் வரை அடியுள்ள கன்றே சிறு குறுமரத்துக்கு ஏற்றது. அதன் காயம் விரைவில் மூடும். வேரை நாம் விரும்பும் திசையிற் பரப்பலாம்.

எங்கே தேடுவது?

காகமும் குயிலும் வௌவாலும் ஆல், அரசு, இத்தி முதலியவற்றின் பழங்களை உண்டு எச்சமிடும் இடங்களிலெல்லாம் கன்று முளைக்கும். மதில், கிணற்றுக் கட்டு, மதகு, நீர்த்தொட்டியின் ஓரம், கூரை நீர் வடியும் மூலை, பனை மரத்தின் மட்டை இடுக்கு என்பன முதலில் நோக்க வேண்டிய இடங்கள். சுண்ணாம்புச் சாந்தினாற் கட்டிய பழைய சுவர் ஈரத்தைப் பிடித்து வைப்பதால் அங்கு கன்றுகள் மிகுதி.

வலிகாமம் வடக்கிலே 1990ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்து, பல்லாண்டு கழிந்தபின் தம் காணிகளுக்கு மீண்டவர்கள், கூரையற்ற வீட்டுச் சுவர்களில் ஆலும் அரசும் வேரோடி நிற்கக் கண்டனர். அச்சுவர்களைத் திருத்தும்போது கன்றுகள் எப்படியும் அகற்றப்படும். வெட்டி எறிவதற்கு முன் அவற்றுள் தக்க ஒன்றைப் பெயர்த்துச் சாடியில் வைத்தால், சுவரும் பிழைக்கும். வீடு ஆளின்றிக் கிடந்த காலத்தில் அங்கு வளர்ந்த உயிரொன்றும் பிழைக்கும். அதனை அழித்தல் பாவம் என அஞ்சும் முதியோருக்கும் இது மனநிறைவு தரும்.

இவையன்றி, பழைய வேலியோரம், ஆடு மேயும் தரிசு நிலம், புளியமரத்தின் நிழல், வெட்டி எறியவுள்ள போகன்வில்லா வேலி என்பனவும் நல்ல இடங்களே. சுருங்கச் சொல்லின், நாம் எடாவிடினும் அழியவிருக்கும் கன்றை எடுப்பதே முறை.

எங்கே எடுத்தலாகாது?

அரச காடுகளிலிருந்து அனுமதியின்றிச் செடிகளை அகற்றுதல் 1907ஆம் ஆண்டின் காட்டுக் கட்டளைச் சட்டத்தின்படியும், வனசீவராசிகளுக்கென ஒதுக்கிய இடங்களிலிருந்து அகற்றுதல் 1937ஆம் ஆண்டின் தாவர விலங்குப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படியும் குற்றமாகும். கடலோரத்துக் கண்டற் காடுகளிற் கை வைத்தலாகாது. தொல்பொருட் சின்னமாகிய கட்டடங்களில் முளைத்த கன்றை நாமே உளி கொண்டு பெயர்க்கலாகாது. அது தொல்பொருட் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டிய விடயம். கோயில் மதிலாயின் பரிபாலனத்தாரிடமும், பிறர் காணியாயின் உரிமையாளரிடமும் கேட்டபின்னரே எடுக்க வேண்டும். கண்ணிவெடி அபாயக் குறி நாட்டிய நிலத்தினுள் எந்தக் கன்றுக்காகவும் காலடி வைக்கற்க. கிணற்றினுள் முளைத்ததை எடுக்கத் தனியே இறங்கற்க. இடுப்பிற் கயிறு கட்டி, மேலே இருவர் நின்று பிடித்தல் வேண்டும்.

எந்த இனம் ஏற்றது?

இலையைச் சிறிதாக்கலாம், பூவையும் பழத்தையும் சிறிதாக்க முடியாது. இவ்விதியை மனதிற் கொண்டால் இனத்தைத் தெரிவது எளிது.

இத்தி: தொடங்குவோருக்கு இதனினும் ஏற்றது வேறில்லை. இலை சிறியது, வேர் பருத்து நிற்கும், வெட்டிய இடத்தில் மீண்டும் தளிர்க்கும், வேர் குறைவாக வந்தாலும் பிழைக்கும்.

ஆல்: வன்மையுடையது, எளிதிற் பிழைக்கும். எனினும் இலை பெரிது. 8 அங்குல மரத்தில் அதன் இலை பொருந்தாது தோன்றும். ஓரடிக்கு மேற்பட்ட குறுமரத்துக்கு அதனை ஒதுக்குக.

அரசு: இலையும் நீண்டது, காம்பும் நீண்டது. சுவரைக் காக்கவும் கன்றை உயிரோடு வைக்கவும் எடுக்கலாம். மிகச் சிறு மரம் எதிர்பார்க்கலாகாது.

புளி: இலை நுண்ணியது, பட்டை இளமையிலேயே வெடித்து முதுமைத் தோற்றம் தரும். ஆயின் தண்டு பருப்பது மெதுவாகும். ஆதலின் அடி ஏற்கெனவே பருத்த கன்றையே தேர்க. இதற்கு ஆணிவேர் ஆழமாக ஓடும் என்பதை மறவற்க.

கிளா, கொடுக்காய்ப்புளி: முள்ளுண்டு, கையுறை வேண்டும். ஆடு கடித்த கன்றுகள் சிறந்தவை.

போகன்வில்லா: பருத்த தண்டுத் துண்டும் வேர்விடும். பூ இயல்பான அளவிலேயே பூக்குமாயினும் அழகைக் கெடுப்பதில்லை.

தேசி, மாதுளை: இலை பொருந்தும், காய் மரத்தினும் பெரிதாகத் தோன்றும். ஒரு காய்க்கு மேல் விடுதல் நன்றன்று.

வேம்பு, முருங்கை, பப்பாசி முதலியவற்றை இச்சிறு அளவுக்கு நாடற்க.

கன்றைத் தேறும் ஐந்து சோதனைகள்

தோண்டுவதற்கு முன்னரே இவற்றைச் செய்தல் வேண்டும். தோண்டிய பின்னர் குறை கண்டு எறிதல் வீண் கொலையாகும்.

1. உடல்நலம். நகத்தாற் பட்டையைச் சிறிது சுரண்டுக. உள்ளே பச்சையும் ஈரமும் தோன்ற வேண்டும். இலைக்கடியில் வெண்மூட்டுப் பூச்சியோ செதிற்பூச்சியோ உளவா எனப் பார்க்க. எறும்பு வரிசையாக ஏறினால் அப்பூச்சிகள் இருப்பதற்கு அதுவே அடையாளம். தண்டிலே துளையும் மரத்தூளும் கண்டால் அக்கன்றை விட்டுவிடுக.

2. வேர்ப்பரப்பு. அடியிலுள்ள மண்ணை விரலால் ஓரங்குல ஆழம் விலக்கிப் பார்க்க. தண்டைச் சுற்றி மூன்று நான்கு வேர்களாவது வெவ்வேறு திசையில் ஓட வேண்டும். எல்லா வேரும் ஒரு பக்கம் ஓடினால் அம்மரம் எக்காலமும் சாயப்போவது போன்றே தோன்றும். ஒன்றையொன்று குறுக்கிட்டுச் சுற்றிய வேரும் குறையே. மதிற் கன்றின் வேர்கள் பெரும்பாலும் ஒரு தளத்திலே தட்டையாகப் பரவியிருக்கும். அது நமக்கு நன்மையே.

3. அடிப் பருமன். உயரம் அடிப் பருமனின் ஆறு மடங்கு என்பது குறுமரம் வளர்ப்போர் கைக்கொள்ளும் பொதுக் கணக்கு. 6 அங்குல மரம் வேண்டின் அடி ஓரங்குலம் ஆக வேண்டும். அடி பருத்து மேலே படிப்படியாக மெலிந்து செல்ல வேண்டும். அடியும் நுனியும் ஒரே பருமனாயுள்ள கன்று எத்துணை செழிப்பாயினும் கம்பு போன்றே நிற்கும்.

4. முதல் வளைவும் முதற் கிளையும். நாம் வைத்துக்கொள்ளப்போவது கன்றின் கீழ்ப்பகுதி மட்டுமே. ஆதலின் நிலத்திலிருந்து நான்கு விரற்கிடைக்குள் என்ன உண்டு என நோக்குக. அங்கே ஒரு வளைவும், ஒரு கிளையோ உயிருள்ள மொட்டோ இருந்தாற் போதும். அதற்கு மேலுள்ளதெல்லாம் வெட்டி எறியப்படுவதே. முதற் கிளை உயரத்தின் மூன்றில் ஒரு பங்களவில் அமைவது நன்று.

5. கணு இடைவெளி. இலைக்கும் இலைக்கும் இடைவெளி குறுகிய கன்று சிறு மரத்துக்கு உரியது. நிழலில் வளர்ந்து கணு நீண்டதாயினும் பின்னர் வெயிலில் வளரும் புதுக் கிளைகள் நெருங்கும். ஆதலின் இச்சோதனையில் மட்டும் தவறிய கன்றை முற்றாகத் தள்ளிவிட வேண்டியதில்லை.

இவ்வைந்தினுள் இரண்டாவதும் மூன்றாவதும் மிக முக்கியமானவை. கிளையைப் புதிதாக வளர்க்கலாம், இலையைச் சிறிதாக்கலாம், நோயைத் தீர்க்கவும் கூடும். அடியையும் வேரையும் சீராக்கப் பல ஆண்டுகள் செல்லும்.

பயிற்சிக்கு வந்த இளைஞர் இருவர் ஒரே மதிலிலிருந்து இரு இத்திக் கன்றுகளை எடுத்தனர். ஒன்று இரண்டடி உயரம், நேரான தண்டு, பளபளக்கும் இலை. மற்றையது ஒரு சாண் உயரம். அடி கிழங்கு போன்று பருத்து, இலை ஏழு மாத்திரம் உடையது. எல்லோரும் முன்னதையே புகழ்ந்தனர். மூன்றாம் ஆண்டிலே முன்னது நேரான கம்பாகவே நிற்க, பின்னது பழைய ஆலமரத்தின் சாயலைப் பெற்றது. கண்ணைக் கவரும் இலையும் உயரமும் தெரிவுக்கு வழிகாட்டிகள் அல்ல.

எடுக்கும் காலமும் முறையும்

வட கிழக்கு மாகாணங்களில் ஐப்பசி முதல் மழை விழுந்து நிலம் நனைந்த பின்னரான வாரங்கள் உகந்தவை. சோளகக் காற்று வீசும் மாதங்களில் எடுத்தலாகாது. வேரற்ற கன்றின் இலையிலிருந்து அக்காற்று நீரைப் பறித்துவிடும். எடுப்பது மாலை நேரமாகுக.

மதிற் கன்றை ஒருபோதும் கையால் இழுக்கற்க. இழுத்தால் தண்டு கையில் வரும். வேர் சுவரில் நிற்கும். மூன்று நாள் முன்பிருந்தே வெடிப்பில் நீர் வார்த்து, பழஞ்சாந்தைச் சிற்றுளியால் மெதுவாகப் பெயர்த்து, வேரை வெளிப்படுத்தி, அரையடி நீளமாவது கிடைக்குமாறு கூரிய கத்தியால் அறுக்க. நசுங்கிய நுனியை மீண்டும் நேராக வெட்டுக. வடியும் பாலை நீரிற் கழுவிவிடுக. அது கண்ணிற் படாதவாறு காக்க. எஞ்சிய வேரை இயன்றவரை அகற்றி, மூன்று நான்கு மாதம் மீண்டும் தளிர்க்கின்றதா எனக் கவனித்து, பின்னர் வெடிப்பைச் சாந்தால் அடைக்க.

ஆடு கடித்த புளி, கிளா முதலியவற்றை ஒரே முறையில் எடுத்தல் ஆபத்து. முதல் மாரியில் ஒரு பக்கம் அரைவட்டமாகத் தோண்டி வேரை அறுத்து, அக்குழியை மணலும் கூட்டெருவும் கலந்து நிரப்புக. அங்கே நுண்வேர்கள் தோன்றும். அடுத்த மாரியில் மறு பக்கத்தை அறுத்து, ஆணிவேரையும் வெட்டிக் கன்றைத் தூக்குக. ஓராண்டு பொறுப்பது ஒரு மரத்தைக் காப்பதாகும்.

எடுத்த வேரை ஈரச் சாக்கிற் சுற்றி உடனே வீடு சேர்க்க. இலையில் மூன்றில் இரண்டு பங்கை நீக்குக. ஒரு நாளில் ஒருவர் பராமரிக்கக் கூடியது இரண்டு மூன்று கன்றே. பத்தைப் பிடுங்கி ஒன்பதைச் சாகவிடுதல் கமக்காரனுக்கு அழகன்று.

முதலாண்டு

முதலாண்டின் நோக்கம் ஒன்றே: கன்று உயிர் பிழைத்தல். அழகு பின்னர்.

நமது செம்மண்ணைத் தனியே சாடியில் இட்டால் இறுகி நீரைத் தேக்கும். செங்கல்லை உடைத்துத் தூளைச் சலித்து நீக்கிய சிறு கற்கள் இரண்டு பங்கும், பருமணல் ஒரு பங்கும், மக்கிய கூட்டெரு அல்லது கழுவிய தும்புச்சோறு ஒரு பங்கும் கலந்து பயன்படுத்துக. கடல் மணல் உப்புடையது, அதனை விலக்குக. சாடியின் துளையை வலைத் துண்டால் மூடி, கன்று ஆடாதவாறு கயிற்றாற் கட்டிவைக்க. ஆடும் கன்றின் புது வேர் ஒவ்வொரு நாளும் அறும்.

கிடுகுக் கொட்டிலின் நிழலில் வைத்து, பொலித்தீன் பையினால் தளர்வாக மூடுக. இரண்டு மூன்று வாரத்தில் தளிர் தோன்றும். இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். அத்தளிர் தண்டிற் சேமித்த உணவினால் வந்தது. வேர் வந்ததற்குச் சான்றன்று. அதனைக் கண்டு வெயிலில் வைத்தவர் மறு வாரம் வாடிய கன்றையே காண்பர். முதல் தளிர் முற்றி, இரண்டாம் தளிர் ஓடிய பின்னரே பையைச் சிறிது சிறிதாகத் திறந்து காலை வெயிலைக் காட்டுக. அதுவரை பசளை இடற்க.

குடாநாட்டுக் கிணற்று நீரிற் சுண்ணாம்பு மிகுதி. சில இடங்களில் உவரும் உண்டு. சாடி விளிம்பில் வெண்படை தோன்றினால் மழைநீரைச் சேர்த்து ஊற்றி மண்ணைக் கழுவுக. விரலை மண்ணில் ஓரங்குலம் நுழைத்து, ஈரம் குறைந்தபோதே நீர் வார்க்க.

தட்டையான சாடிக்கு அவசரம் வேண்டாம்

கன்று கிடைத்தவுடன் அழகிய தட்டைச் சாடியில் நட்டுவைத்தல் பெரும்பாலோர் செய்யும் பிழை. சிறு சாடியில் வேர் ஒடுங்க, தண்டு பருப்பது நின்றுவிடும். அடி மெலிந்த கன்றை நிலத்திலோ அகன்ற பெட்டியிலோ இரண்டு மூன்று ஆண்டு தாராளமாக வளரவிடுக. கீழே ஒரு கிளையை வெட்டாது நீள ஓடவிட்டால் அது அடியைப் பருக்கச் செய்யும். பின்னர் அதனை அறுத்துவிடலாம். நிலத்தில் நடும்போது அடியில் ஓர் ஓட்டுத் துண்டை வைத்தால் வேர் கீழிறங்காது பக்கமாகப் பரவும்.

அடி வேண்டிய அளவு பருத்த பின்னரே தட்டைச் சாடி. கிளைகளுக்கு அலுமினியக் கம்பி சுற்றினால் வாரந்தோறும் பார்க்க. மாரியில் இத்தி விரைந்து பருப்பதாற் கம்பி பட்டையுள் ஆழ்ந்து தழும்பாகும்.

இது மரத்தை வதைப்பதாகாதா?

இக்கேள்வியை முதியோர் பலர் கேட்பர். கேட்க வேண்டிய கேள்வியே. குறுமரம் பட்டினியாற் குறுகுவதில்லை. பட்டினி கிடந்த மரம் இலை மஞ்சளித்துச் சாகும். உரிய நீரும் பசளையும் வெயிலும் பெற்று, கிளையும் வேரும் காலந்தோறும் கத்தரிக்கப்படுவதனாலேயே அது சிறிதாக நிற்கின்றது. பராமரிப்பு உண்டாயின் மனிதரின் ஆயுளையும் கடந்து வாழும். இரோசிமாவில் ஒரு குடும்பத்தார் வளர்த்த வெண் ஊசியிலை மரம், 1945ஆம் ஆண்டின் அணுகுண்டிலிருந்து தோட்ட மதிலின் மறைவிலே தப்பி, 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாக அளிக்கப்பட்டது. 1625ஆம் ஆண்டிலிருந்து வளர்க்கப்பட்டு வருவது அது. நீர் வார்க்க மனமில்லாதவர் கன்றை எடுத்துச் சாடியிற் சாகவிடுதலே வதை. அத்தகையோர் கன்றைத் தொடாதிருத்தல் நன்று.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. அழியவிருக்கும் கன்றையே எடுக்க, காட்டைத் தொடற்க.
2. உயரத்தையும் இலையையும் பாராது, அடியையும் வேரையும் பார்க்க.
3. தோண்டுமுன் சோதிக்க, பராமரிக்கக் கூடிய அளவே எடுக்க.
4. மாரி தொடங்கிய பின் மாலையில் எடுக்க.
5. முதல் தளிரை நம்பற்க.
6. அடி பருக்குமுன் தட்டைச் சாடியில் நடற்க.

இன்று மாலை வீடு திரும்பியதும் உங்கள் மதிலையும் கிணற்றுக் கட்டையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அங்கே நிற்கும் கன்றுகளை எண்ணி, ஒவ்வொன்றின் அடியிலும் விரல் வைத்து நோக்குங்கள். தக்க ஒன்றைக் குறித்து வைத்து, மழைக்குக் காத்திருங்கள். ஏனையவற்றைச் சுவர் வெடிக்குமுன் அகற்றிவிடுங்கள். ஐயமிருப்பின் உங்கள் பிரிவுக்குரிய விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.